ஒரே பேர், ரெண்டு கள்ளி: மெட்ராஸ் டாக்டரும் ஒரு சிவப்புப் பூச்சியும்

1/
சப்பாத்திக்கள்ளியைப் பார்க்காதவங்க தமிழ்நாட்டில் இருக்க முடியாது. கண்மாய்க் கரை, சுடுகாட்டு ஓரம், தரிசு நிலம்னு எங்கேயும் நிற்கும். தட்டை தட்டையா மடல், உடம்பெல்லாம் முள், மஞ்சள் பூ, கருஞ்சிவப்புப் பழம். சின்ன வயசில் அந்தப் பழத்தைத் தின்னுட்டு நாக்கை நீட்டி நீட்டிக் காட்டினவங்க இதைப் படிக்கிறவங்கள்லயே நிறைய பேர் இருப்பீங்க.

இந்தச் செடிக்குப் பின்னாடி 230 வருஷக் கதை ஒன்று இருக்கு. மெட்ராஸில் வேலை பார்த்த ஒரு டாக்டர், கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு பூச்சி, கடைசியில் ஒரு பஞ்சம். கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது படிங்க.

2/
முதல்ல அடிப்படை. நாம ‘சப்பாத்திக்கள்ளி’ன்னு கூப்பிடுவது ஒரே செடி கிடையாது. ஒபன்ஷியா என்ற பேரினத்தில் பல இனங்கள் இருக்கின்றன. இந்தக் கதைக்கு அதில் ரெண்டு போதும்.

ஒன்று, ஒபன்ஷியா மோனகாந்தா.
இன்னொன்று, ஒபன்ஷியா டில்லெனி. நாகதாளி என்றும் சொல்வார்கள். நீங்க சாப்பிட்ட பழம் பெரும்பாலும் இதனுடையதுதான்.

ரெண்டும் நெருங்கிய சொந்தம். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்று போலவே தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் வித்தியாசம்.

3/
மோனகாந்தா மரம் மாதிரி நிமிர்ந்து, ஆள் உயரத்தையும் தாண்டி வளரும். மடல் மெல்லிசு, பளபளப்பான பச்சை. முள் முளைக்கிற ஒவ்வொரு புள்ளியிலும் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு நீள முள் மட்டும். பேரே அதுதான்: கிரேக்க மொழியில் ‘மோனோ’ என்றால் ஒன்று, ‘அகாந்தா’ என்றால் முள். பூவின் வெளி இதழ்களில் பின்பக்கம் சிவப்பு ஓடும்.

டில்லெனி புதராகப் படர்ந்து பரவும். மடல் தடிப்பு, நீலம் கலந்த மங்கலான பச்சை. ஒவ்வொரு புள்ளியிலும் பல முட்கள். மஞ்சளாக, தட்டையாக, லேசாக வளைந்து இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் தாவரவியல் பேராசிரியராக இருந்த டில்லேனியஸ் நினைவாக வைத்த பேர். இன்று பலர் இதை ஒபன்ஷியா ஸ்டிரிக்டா என்ற இனத்தின் ஒரு வகையாகவே வைக்கிறார்கள்.

4/
“சங்கப் பாட்டிலேயே கள்ளி வருதே டாக்டர், இது நம்ம ஊர்ச் செடி இல்லையா?”ன்னு கேட்பீங்க.

அந்தக் கள்ளி வேற. சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் ஆமணக்குக் குடும்பம். ஒடித்தால் பால் வரும். சப்பாத்திக்கள்ளியை ஒடித்தால் பால் வராது, வழவழன்னு ஒரு பசைதான் வரும். இது கேக்டஸ் குடும்பம், பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். ஐரோப்பியக் கப்பல்கள் வந்த பிறகுதான் நம்ம மண்ணுக்கு வந்தது. முள்ளையும் சதைப்பிடிப்பையும் பார்த்து நம்ம ஆளுங்க ‘கள்ளி’ன்னு வீட்டுப் பேரைக் கொடுத்துட்டாங்க.

(போற போக்கில் ஒரு எச்சரிக்கை. பால் வரும் கள்ளியின் பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். உடனே நிறைய சுத்தமான தண்ணீரில் கழுவிட்டு, அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்க.)

5/
இப்போ கதைக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சிவப்புன்னா அது பணம். ராஜ உடை, கார்டினல் அங்கி, ஆங்கிலேய அதிகாரிகளின் சிவப்புக் கோட்டு, எல்லாவற்றுக்கும் மேலான சாயம் கொச்சினீல். மெக்சிகோவில் ஒவாகா பகுதியில் கள்ளி மடல்மேல் வளர்க்கப்பட்ட ஒரு பூச்சியைக் காய வைத்து எடுப்பது. ஒரு பவுண்டு சரக்குக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும்.

மெக்சிகோவில் இருந்து ஸ்பெயினுக்குப் போன சரக்கில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்குத்தான். அதனால் ஸ்பெயின் இதைப் பொத்திப் பொத்தி வைத்தது. காய்ந்த பூச்சி தானிய மணி மாதிரி இருக்கும். இது விதையா, பூச்சியா என்றே ஐரோப்பியர்கள் ரொம்ப காலம் சண்டை போட்டார்கள். நுண்ணோக்கி வந்த பிறகுதான் அந்தச் சண்டை தீர்ந்தது.

6/
பூச்சி ஏன் சிவப்பாக இருக்கு? கார்மினிக் அமிலம் என்ற பொருளை அது தன் உடம்பில் சேர்த்து வைக்கிறது. எறும்பு மாதிரி எதிரிகளை அண்ட விடாமல் இருக்க அது போட்டுக்கொள்ளும் கவசம். பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. மடலில் வாயைக் குத்தி உட்கார்ந்தால் ஆயுசுக்கும் அங்கேயே. மேலே வெள்ளைப் பஞ்சு போல மெழுகு மூடியிருக்கும். அந்தப் பஞ்சை விரலால் நசுக்கினால் ரத்தம் மாதிரி சிவப்பு வரும்.

இன்றைக்கும் நம்ம ஊர்ச் சப்பாத்திக்கள்ளியில் அந்த வெள்ளைப் பஞ்சைப் பார்க்கலாம். அது எப்படி இங்கே வந்தது என்பதுதான் கதை.

7/
ஜேம்ஸ் ஆண்டர்சன். ஸ்காட்லாந்துக்காரர், மெட்ராஸில் கம்பெனியின் தலைமை மருத்துவர். மருத்துவத்தைவிடச் செடி கொடியில் ஆர்வம் அதிகம். நுங்கம்பாக்கத்தில் பெரிய தோட்டம் வைத்திருந்தார். 1786இல் மெட்ராஸ் புல்லில் கொச்சினீல் மாதிரி ஒரு பூச்சியைக் கண்டேன் என்று லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அந்தப் பூச்சி சாயத்துக்கு ஆகவில்லை. ஆனால் கம்பெனிக்கு ஆசை பிடித்துக்கொண்டது: ஸ்பெயினின் தொழிலை இந்தியாவில் நடத்தினால் என்ன?

பூச்சிக்குச் சாப்பாடு வேணுமே. அதற்காக சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு கள்ளித் தோட்டம் போட்டார்கள். நோபால் என்ற கள்ளியை வெளியூர்களில் இருந்து வரவழைத்து நட்டார்கள். பார்த்துக்கொண்டவர் ஆண்டர்சனின் உறவினரான இன்னொரு டாக்டர், ஆண்ட்ரூ பெர்ரி.

8/
ஆண்டர்சன் டாக்டர் ஆச்சே, இன்னொரு யோசனையும் அவருக்கு வந்தது. நோபால் மடல் பறித்த பிறகும் பல வாரம் வாடாது. நீண்ட கடல் பயணத்தில் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய்க்கு இதைக் கொடுத்தால் என்ன என்று எடுத்துச் சொன்னார். வைட்டமின் சி என்ற பேரே அப்போது கிடையாது. பச்சைக் காய்கறியும் எலுமிச்சையும் ஸ்கர்வியைத் தடுக்கும் என்ற அனுபவம் மட்டும்தான் இருந்தது. யோசனை சரியானதே.

மடல் தயார். தோட்டம் தயார். பூச்சி மட்டும் வரவில்லை.

9/
1795. நீல்சன் என்ற ராணுவ கேப்டன் கப்பலில் வரும் வழியில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இறங்கினார். அங்கே கள்ளியில் கொச்சினீல் பூச்சியைப் பார்த்தார். மடலோடு எடுத்துக் கப்பலில் ஏற்றினார். பயணத்தில் பெரும்பகுதி செத்துப்போய், கொஞ்சம் மட்டும் உயிரோடு கல்கத்தா வந்து சேர்ந்தது.

கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் ராக்ஸ்பர்க் இருந்தார். அவரும் டாக்டராகப் படித்து வந்தவர்தான். பூச்சியைப் பலவகைக் கள்ளிகளில் விட்டுப் பார்த்தார்கள். ஆசை ஆசையாய் வளர்த்த நோபாலில் அது நிலைக்கவில்லை. வேலியோரம் யாரும் சீண்டாமல் கிடந்த நாட்டுச் சப்பாத்திக்கள்ளியில் மட்டும் கொழுத்து வளர்ந்தது. அந்த வேலிக் கள்ளிதான் மோனகாந்தா.

அதே வருஷம் பூச்சி மெட்ராஸுக்கும் வந்தது. ஆண்டர்சன் சந்தோஷத்தில் அதைப் பற்றி ஒரு புத்தகமே அச்சடித்தார்.

10/
சந்தோஷம் நிலைக்கவில்லை. சாயம் மட்டமாக இருந்தது. மெக்சிகோ சரக்கோடு போட்டி போட முடியவில்லை.

காரணம், வந்தது வேறு பூச்சி. மெக்சிகோவில் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்தது டாக்டிலோபியஸ் காக்கஸ்: பெரிய உடம்பு, நிறைய சாயம். ரியோவில் இருந்து வந்தது அதன் காட்டு உறவினர், டாக்டிலோபியஸ் சிலோனிகஸ்: சின்ன உடம்பு, நிறைய பஞ்சு, கொஞ்சம் சாயம். (தென் அமெரிக்கப் பூச்சிக்கு ‘சிலோன்’ பேர் வரக் காரணம், பின்னால் அதை இலங்கையில் பார்த்துத்தான் விவரித்தார்கள்.)

ஆக, கம்பெனி ரெண்டு இடத்தில் ஏமாந்தது. ஒரே மாதிரி தெரியும் ரெண்டு பூச்சி. ஒரே மாதிரி தெரியும் ரெண்டு கள்ளி.

ஆண்டர்சன் 1809இல் இறந்தார். சென்னை கதீட்ரல் சாலை புனித ஜார்ஜ் தேவாலயத்தில் அவர் சிலை இன்றும் இருக்கிறது.

11/
சாயத் தொழில் படுத்துவிட்டது. பூச்சி படுக்கவில்லை.

வடக்கிலும் மத்திய இந்தியாவிலும் மோனகாந்தா புதர்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்து சரிய ஆரம்பித்தன. சாறு உறிஞ்சும் பூச்சி கோடிக்கணக்கில் பெருகினால் எந்தச் செடி தாங்கும்? இதைக் கவனித்தவர்கள் 1836 முதல் 1838 வரை அந்தப் பூச்சியை வேண்டுமென்றே தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். 1860களில் இங்கிருந்து இலங்கைக்கும் போனது. ரெண்டு இடத்திலும் மோனகாந்தா அடங்கியது.

ஒரு களையை ஒழிக்க ஒரு பூச்சியை இடம் மாற்றி ஜெயித்த கதைகளில் உலகத்திலேயே முதலாவதாக இதைத்தான் சொல்கிறார்கள். அது நடந்தது நம்ம ஊரில்.

12/
ஆனால் பக்கத்திலேயே நின்ற டில்லெனி? அதுக்கு ஒண்ணும் ஆகலை.

சிலோனிகஸ் பூச்சிக்கு மோனகாந்தா மட்டும்தான் சாப்பாடு. டில்லெனியில் விட்டால் அது வளராது. மனிதன் ரெண்டையும் ‘சப்பாத்திக்கள்ளி’ என்றான். கடுகளவுப் பூச்சி ரெண்டையும் பிரித்துப் பார்த்தது.

டில்லெனி பெருகிக்கொண்டே போனது. மேய்ச்சல் நிலம், புறம்போக்கு, ஊர்ப் பாதைன்னு எல்லாவற்றையும் வளைத்தது. வெட்டிப் போட்டால் வெட்டிய ஒவ்வொரு மடலும் வேர்விட்டு புதுச் செடியாகும். பழத்தைத் தின்ற பறவை விதையைக் கொண்டுபோய் அடுத்த ஊரில் போடும்.

13/
மருத்துவத்தில் இதற்கு நேரான உதாரணம் மலேரியா. பேர் ஒன்று. கிருமிகள் வெவ்வேறு. விவாக்ஸ், ஃபால்சிபேரம் ரெண்டும் ஒரே பேரினம், ரெண்டும் கொசு வழியாக வரும், ரெண்டிலும் குளிர் காய்ச்சல். ஆனால் விவாக்ஸ் கல்லீரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்துத் திரும்ப வரும். அதை ஒழிக்க 14 நாள் தனி மாத்திரை வேண்டும். ஃபால்சிபேரம் மூளையைத் தாக்கி உயிரை எடுக்கும்; அதற்கு மருந்துக் கூட்டே வேறு.

“மலேரியாதானே”ன்னு ஒரே மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் ‘எந்த மலேரியா’ன்னு பார்க்கச் சொல்கிறோம்.

14/
இதே பாடத்தை ஆஸ்திரேலியாவும் படித்தது. குயின்ஸ்லாந்தில் சப்பாத்திக்கள்ளி பண்ணைகளை விழுங்கிக்கொண்டிருந்தது. 1910களில் ஒரு குழு உலகம் சுற்றி மருந்து தேடியது. இந்தியா, இலங்கைப் பக்கம் வந்து நம்ம சிலோனிகஸ் பூச்சியையும் எடுத்துப் போனது. அங்கேயும் மோனகாந்தா செத்தது. அங்கே பெரிய தலைவலியாக இருந்த ஸ்டிரிக்டா, அதாவது நம்ம டில்லெனியின் உடன்பிறப்பு, அப்படியே நின்றது.

பிறகு அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வேறு பூச்சிகளைக் கொண்டுபோனார்கள். அதில் ஒன்று இன்னொரு கொச்சினீல்: டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே. இது ஸ்டிரிக்டா, டில்லெனி பக்கத்துக் கள்ளிகளைத் தின்னும்.

15/
1924இல் அந்தப் பூச்சி ஆஸ்திரேலியாவில் இருந்து இலங்கைக்கு வந்தது. 1926இல் இலங்கையில் இருந்து தென்னிந்தியாவுக்கு. அஞ்சாறு வருஷத்தில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலத்தில் டில்லெனி அடங்கியது. 90 வருஷமாக ஒரு பூச்சியால் முடியாததை, அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு பூச்சி செய்து முடித்தது.

வேடிக்கை என்னன்னா, அப்போது அதை டாக்டிலோபியஸ் டொமென்டோசஸ் என்று நினைத்துத்தான் விட்டார்கள். சரியான பேர் பின்னால்தான் தெரிந்தது.

இன்று நீங்க பார்க்கும் நாகதாளிப் புதர்கள் அதில் தப்பியவை. செடியும் பூச்சியும் ஒன்றையொன்று மட்டுப்படுத்திக்கொண்டு வாழ்கின்றன. அந்த வெள்ளைப் பஞ்சுக்கு விடை இதுதான்.

16/
இத்தோடு முடிந்தால் இது வெற்றிக் கதை. மடகாஸ்கருக்குப் போனால் இதே கதை வேறு மாதிரி.

1769 வாக்கில் ஒரு பிரெஞ்சு அதிகாரி மடகாஸ்கரின் தென்கோடியில் தன் கோட்டைக்கு வேலியாக மோனகாந்தாவைக் கொண்டுவந்தார். தெற்கு மடகாஸ்கர் மழை பொய்க்கும் பூமி. அங்கே வாழும் டான்ட்ராய் மக்கள் மாடு மேய்ப்பவர்கள். அந்தக் கள்ளியை அவர்கள் தங்கள் வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்டார்கள். முள்ளைத் தீயில் பொசுக்கிவிட்டு மடலை மாட்டுக்குப் போடுவார்கள். வறட்சியில் மாட்டுக்குத் தீவனமும் அதுதான், தண்ணீரும் அதுதான். பழம் மனிதருக்கு. ஊரைச் சுற்றிக் கள்ளிக் கோட்டை. அதைத் தாண்டி உள்ளே போக பிரெஞ்சுப் படையே திணறியது.

17/
1924இல் தலைநகர் அன்டனனரிவோவில் கொச்சினீல் பூச்சி விடப்பட்டது. சில வருஷங்களிலேயே அது தெற்கே போய்ச் சேர்ந்தது. 1920களின் முடிவில் டான்ட்ராய் நாட்டின் கள்ளிக்காடு அழுகிச் சரிந்தது.

அதோடு மழையும் பொய்த்தது. 1930-31இல் பஞ்சம். மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மக்கள் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் வேலை தேடி வடக்கே போனார்கள். அது தெற்கே தற்செயலாகப் பரவியதா, அங்கே போகட்டும் என்றே விடப்பட்டதா என்ற விவாதம் வரலாற்றாசிரியர்களிடம் இன்னும் ஓடுகிறது. கள்ளியை ‘வளர்ச்சிக்குத் தடை’ என்று பார்த்த அதிகாரிகள் அங்கே இருந்தார்கள் என்பது பதிவான விஷயம்.

செடி அதே மோனகாந்தா. இங்கே அது போனபோது தொல்லை விட்டது என்றார்கள். அங்கே போனபோது ஒரு ஜனமே பட்டினி கிடந்தது. ‘களை’ என்பது செடியின் குணம் இல்லை. அதை நம்பி யார் வாழ்கிறார்கள் என்று கேட்காமல் அந்தச் சொல்லைப் போடக்கூடாது.

18/
சரி, இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். “சப்பாத்திக்கள்ளிப் பழம் சாப்பிட்டால் ரத்தம் ஊறும், சர்க்கரை ஓடிப்போகும், குழந்தை தங்கும்”னு வீடியோக்கள் சுத்துது. டாக்டரா சில வார்த்தை.

பழத்தின் சிவப்பு இரும்புச்சத்து இல்லை. பீட்ரூட்டில் இருக்கும் அதே பீட்டாலெயின் நிறமி. ரத்த நிறத்தில் இருப்பதெல்லாம் ரத்தம் ஊற வைக்காது. சாப்பிட்ட பிறகு சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகலாம்; பழம் வெளியேறியதும் சரியாகிவிடும். பழமே சாப்பிடாமல் சிவப்பாகப் போனால் உடனே டாக்டரைப் பாருங்க.

ரத்தசோகை இருந்தால் எதனால் என்று பரிசோதித்து, அதற்கு மருந்து எடுங்க. பழத்தைப் பழமாகச் சாப்பிடுங்க: வைட்டமின் சி இருக்கு, நார்ச்சத்து இருக்கு, ருசி இருக்கு. அது போதும்.

19/
சர்க்கரை நோய் விஷயம். “கள்ளி மடல் சர்க்கரையைக் குறைக்கும்னு ஆராய்ச்சி இருக்கே”ன்னு கேட்கிறாங்க. இருக்கு. மெக்சிகோவில் சில சின்ன ஆய்வுகள் நடந்தன. சாப்பாட்டோடு சமைத்த மடல் சேர்த்தவர்களுக்குச் சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை கொஞ்சம் குறைந்தது. ஆனால் அங்கே கொடுத்தது நம்ம கண்மாய்க் கரை நாகதாளி இல்லை. அங்கே காய்கறியாகச் சாப்பிடும் வேறு ஒபன்ஷியா இனங்கள்.

ஒரு கள்ளியில் வந்த முடிவை இன்னொரு கள்ளிக்கு ஒட்ட முடியாது. மோனகாந்தாவைத் தின்ற பூச்சி டில்லெனியைத் தொடவில்லை என்று இவ்வளவு நேரம் படிச்சோமே, அதே நியாயம்தான். இன்சுலினையோ மாத்திரையையோ நிறுத்திட்டு மடல் சாறு குடிக்காதீங்க.

20/
பழம் பறிக்கிறவங்களுக்கு:

பெரிய முள்ளைவிட ஆபத்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மயிர் முள். கொத்துக் கொத்தாக இருக்கும், தொட்டால் கழன்று ஏறும். தோல், உதடு, நாக்கு, தொண்டை எல்லாம் குத்தும். வெறும் கையால் தொடாதீங்க. இடுக்கியில் பிடித்து, தீயில் வாட்டி, தோலை முழுசா உரித்துவிட்டுச் சாப்பிடுங்க.

கையில் ஏறிவிட்டால் தேய்க்காதீங்க. சின்ன இடுக்கியால் எடுங்க. மீதி இருந்தால் வெள்ளைப் பசை தடவி, காய்ந்ததும் உரித்தெடுங்க. கண்ணில் பட்டால் கசக்கவே கூடாது, நேரா கண் டாக்டர்.

விதையை நிறைய விழுங்கினால் மலம் இறுகி அடைத்துக்கொள்ளும். குழந்தைகள் விஷயத்தில் கவனம்.

21/
அந்தச் சிவப்புச் சாயம் இன்னும் நம்மோடுதான் இருக்கிறது. உதட்டுச் சாயம், மிட்டாய், சில தயிர் வகைகளில் கார்மின் சேர்க்கிறார்கள். உணவுப் பாக்கெட்டில் நிறமி எண் 120 என்று இருக்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களும், அலர்ஜி உள்ளவர்களும் பார்த்து வாங்குங்க. அரிதாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். நோய்க்குறியியல் ஆய்வகத்திலும் திசுவில் இருக்கும் சளிப்பொருளைக் காட்ட மியூசிகார்மைன் என்ற சாயம் பயன்படுகிறது. ஆண்டர்சன் தேடிய பூச்சி வேறு வழியில் டாக்டர்களிடம் வந்து சேர்ந்துவிட்டது.

22/
“இந்தச் செடி நல்லது”, “இந்தப் பூச்சி கெட்டது”, “இந்தக் காய்ச்சலுக்கு இந்த மாத்திரை”ன்னு யார் சொன்னாலும் மூணு கேள்வி கேளுங்க. எந்தச் செடி? எந்த ஊரில்? யாருக்கு? கம்பெனி முதல் கேள்வியைக் கேட்காததால் பணம் போச்சு. மடகாஸ்கரில் கடைசிக் கேள்வியைக் கேட்காததால் உயிர் போச்சு.

அடுத்த முறை சப்பாத்திக்கள்ளியைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நில்லுங்க. தொடாமல், ஒரு புள்ளியில் எத்தனை முள் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. ஒன்று, இரண்டுன்னா அனேகமா மோனகாந்தா. கொத்தா மஞ்சளா வளைஞ்சு இருந்தா நாகதாளி. உங்க ஊரில் எது இருக்குன்னு கீழே எழுதுங்க, உங்க ஊர்ப் பேரோடு.